வேண்டுதல் முடிக்கும் பந்தி

இலை போட்டாயிற்று. தண்ணீர் தெளித்துத் துடைத்தாயிற்று. உப்பு வந்தது, வெங்காயப் பச்சடி வந்தது, ஈரல் வறுவல் வந்தது, இனி நான் எங்கே எழுந்து போவது. இடப்பக்கம் சம்பந்தி அர்த்தநாரி, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ஏழு போர் வண்டிக்குச் சொந்தக்காரர், சம்மணம் போட்டு உட்கார்ந்தால் அவருடைய முட்டி என் தொடைமேல் ஏறிக்கொள்கிறது, எடுங்கள் என்று சொல்ல முடியுமா. வலப்பக்கம் ஓர் இலை ஆளில்லாமல் கிடக்கிறது, மாப்பிள்ளைக்காக இருக்கும். முதுகுக்குப் பின்னால் சுவர். முன்னால் பரிமாறுகிறவர்கள் நடக்க ஒரு முழ இடம், அதற்கு அப்பால் எதிர்ப் பந்தி, அதில் பதினெட்டு பேர், பதினெட்டு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். யாரும் இலையில் கை வைக்கவில்லை. வைக்க மாட்டார்கள். இன்றைக்கு மறுவிருந்து மட்டும் இல்லையாம், சம்பந்தி சென்னியப்பன் வேண்டுதல் முடிக்கிற விருந்தாம், அவர் வாயில் நெய்ச்சோறு போன பிறகுதான் மற்றவர்கள் தொட வேண்டும் என்று அர்த்தநாரி காலையிலேயே எல்லாரிடமும் சொல்லி வைத்துவிட்டார். சென்னியப்பன் என்பது நான். வயது ஐம்பத்து நாலு, பால் சொசைட்டி செயலாளர், மகளைக் கட்டிக்கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. பசியோடு இருக்கிற முப்பத்தைந்து பேரை ஒரு பொய் சொல்லிக் காக்க வைத்திருக்கிறேன். உள்ளே நெய் உருக்குகிறார்கள், முருங்கை இலை பொரிகிற வாசம் வருகிறது, எனக்கு வாயில் தண்ணீர் ஊறுகிறது, அதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், பத்து மாதமாக நெய்யே படாத நாக்கு, வெட்கம் கெட்டு ஊறுகிறது.

வேண்டுதல் என்ற சொல்லை முதலில் எடுத்தவள் துளசிமணி, என் பெண்டாட்டி. போன சித்திரையில் சொசைட்டி ஊழியர்களுக்கு ஒரு மருத்துவ முகாம் வைத்தார்கள். கொலஸ்ட்ரால் முன்னூற்று நாற்பத்திரண்டு என்று சீட்டு வந்தது. அந்த வாரமே ஒரு நிச்சயதார்த்தத்தில் பந்தியில் உட்கார்ந்து வடையை வேண்டாம் என்றேன், நெய்யை வேண்டாம் என்றேன், அப்பளத்தைக்கூட ஓரமாகத் தள்ளினேன், எதிரில் இருந்த கல்யாணத் தரகர் ராமலிங்கம் கண்ணை இடுக்கிக்கொண்டு, "ஏனுங், சுகருங்களா, இல்ல நெஞ்சு கிஞ்சு ஏதாச்சுமுங்களா?" என்றார். தரகர் கேட்கிற கேள்வி. நெஞ்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மகள் சுகன்யாவின் ஜாதகத்தைக் கையில் வாங்குகிறவன்கூட இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுப்பான். துளசிமணிதான், கொஞ்சம்கூட யோசிக்காமல், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங். பொண்ணு கல்யாணம் முடியற வரைக்கும் எண்ணெ, நெய், கறி தொடறதில்லீன்னு பழனியாண்டவருக்கு வேண்டியிருக்காருங்" என்றாள். அடடா, என்ன பெண்டாட்டி. அந்த நிமிஷம் அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. ராமலிங்கம் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சாயந்தரத்துக்குள் மூன்று ஊருக்குப் போயிற்று. சொசைட்டிக்குப் பால் ஊற்ற வருகிற பொம்பளைகள் என்னைப் பார்த்துச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்கிறார்கள், நேற்றுவரை கொழுப்பெடுத்த செயலாளர் என்று முதுகுக்குப் பின்னால் ஏசியவர்கள்தான். அர்த்தநாரி வீட்டுக்கு இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுபோன ராமலிங்கம் ஜாதகத்தைப் பிரிப்பதற்கு முன்னால் இந்தக் கதையைத்தான் பிரித்தாராம். "வேண்டுதல் இருக்கற அப்பனுக்குப் பொறந்த புள்ள வேற எப்படி இருக்கும்" என்று சம்பந்தியம்மா சம்பூர்ணம் அன்றைக்கே சரி சொல்லிவிட்டாராம். ஆக இந்தக் கல்யாணத்துக்கே அஸ்திவாரம் என்னுடைய முன்னூற்று நாற்பத்திரண்டுதான், அதற்கு மேல் முருகன் பெயரைப் பூசியிருக்கிறது. சாமி கண்ணைக் குத்தும் என்று சின்ன வயதில் சொல்வார்கள், என்னைக் குத்தவில்லை, சாவகாசமாகப் பந்தியில் உட்கார வைத்திருக்கிறது.

அந்த வேண்டுதல் சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். தாளிக்காத ரசம். வேக வைத்த பீர்க்கங்காய், வேக வைத்த சுரைக்காய், வேக வைத்த என்னவோ. சட்டினியில் கடுகு கிடக்கும், வெடிக்காத பச்சைக் கடுகு, பல்லில் மாட்டிக்கொண்டு கசக்கும். சொசைட்டியிலேயே கடைந்து வெண்ணெய் எடுத்த பாலை வாங்கி வந்து, நீல நிறத்தில் ஒரு காப்பி. எண்ணெய் இல்லாத சோறு வயிற்றில் நிற்காது, பதினொரு மணிக்கெல்லாம் பறக்கும், அதனால் ஒரு கரண்டி போடுகிற இடத்தில் மூன்று கரண்டி போட்டேன், சாயந்தரம் பிஸ்கட், ராத்திரி ஆறு இட்லி, நடுவில் இரண்டு பழம், அதில் கொழுப்பு ஒன்றும் இல்லையே என்கிற தைரியம். இரண்டு மாதம் இப்படி முனிவர் மாதிரி இருந்துவிட்டு ஈரோட்டில் போய் ரத்தம் கொடுத்தால், முன்னூற்று இருபத்தொன்று. இருபத்தொரு பாயிண்டுக்கா இந்தப் பாடு. அதிலும் நல்ல கொலஸ்ட்ரால் என்று ஒன்று இருக்கிறதாமே, அதுவும் சேர்ந்து இறங்கிவிட்டது, டிரைகிளிசரைடு என்று இன்னொன்று நூற்று அறுபதில் இருந்தது இருநூற்றுத் தொண்ணூறுக்குப் போய்விட்டது. டாக்டரம்மா சின்ன வயது, என் மகளைவிட ஐந்தாறு வயதுதான் மூப்பு, சீட்டைப் பார்த்துவிட்டு, "ஐயா, எண்ணெயை விட்டுட்டு சோத்துல ஏறி உக்காந்துட்டீங்க போலிருக்கே" என்றார். சோற்றைக் குறை, கடலையும் பயறும் சேர்த்துக்கொள், நல்லெண்ணெய் ரெண்டு ஸ்பூன் விட்டுக்கொள் என்றார். எப்படி விட்டுக்கொள்வது, ஊரெல்லாம் வேண்டுதல். சோற்றை மட்டும் குறைத்தேன். டிரைகிளிசரைடு இறங்கியது, கொலஸ்ட்ரால் முன்னூற்று ஒன்பதில் வந்து நின்றது, நின்றதுதான், கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் நகரவில்லை. அப்போதுதான் அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார வைத்துப் பேசினார். சாப்பாட்டிலிருந்து வருவது கொஞ்சம்தானாம். கொலஸ்ட்ராலை உடம்பே செய்துகொள்கிறதாம், கல்லீரல் அதை ரத்தத்திலிருந்து தன் கதவு வழியாகத் திரும்ப எடுத்து வெளியே தள்ள வேண்டுமாம். "உங்களுக்கு அந்தக் கதவுல பாதி பொறக்கும்போதே சாத்தியிருக்கு. சாப்பாட்டால பத்து சதவீதம் எறங்கும், எறங்கிருச்சு. மீதிக்கு மாத்திரைதான். உங்க அப்பா, கூடப் பொறந்தவங்க, யாராவது சின்ன வயசுல தவறியிருக்காங்களா?" என்று கேட்டார்.

தவறியிருக்கிறார்களா. அப்பா நாற்பத்தாறு வயதில் மஞ்சள் காட்டில் வரப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை, வாய்வு அடைத்துவிட்டது என்றார்கள். அண்ணன் குழந்தைவேலு நாற்பத்து மூன்றில், சந்தைக்குப் போகிற ரோட்டில், வண்டி ஓட்டிக்கொண்டே. முதலில் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான், அதற்குப் பிறகுதான் வண்டி விழுந்தது, பின்னால் வந்த பஸ் டிரைவரே சொன்னார். ஆனால் வண்டி விழுந்து கிடந்ததே, அதனால் விபத்து என்று ஆயிற்று, சம்பந்தம் பேச வந்தபோதும் விபத்து என்றே சொன்னோம், துளசிமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். நான் எதையும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். முப்பது வருஷமாக என் தொழில் என்ன. பாலில் கொழுப்பு பார்ப்பது. அந்தக் காலத்தில் ஆசிட் ஊற்றிக் குழாயைச் சுற்றிப் பார்த்தேன், இப்போது மெஷினில் பார்க்கிறேன், பார்த்து ஃபேட் நாலு புள்ளி ஒன்று, ஆறு புள்ளி எட்டு என்று சத்தமாகச் சொல்வேன். எத்தனை பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள், பருத்திக்கொட்டை வைத்தேன், புண்ணாக்கு மாற்றினேன், ஏன் ஃபேட் ஏறவில்லை என்று. அவர்களுக்கெல்லாம் நான் என்ன பதில் சொன்னேன். தீவனத்தில் இரண்டு பாயிண்ட் ஏறும், இரண்டு பாயிண்ட் இறங்கும், மற்றதெல்லாம் இனம் அப்பா, எருமை எருமைதான், ஜெர்சி ஜெர்சிதான், கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு எவ்வளவு அலட்சியமாகச் சொல்லியிருக்கிறேன். மாட்டுக்குத் தெரிந்தது மனுஷனுக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா அப்படிக் கேட்டபோது, எங்கள் வம்சமே இந்த இனம்தான் என்று எனக்குப் பளிச்சென்று பட்டது, பட்டதும் முதலில் வந்தது பயம்கூட இல்லை, எரிச்சல், இதற்காகவா ஆறு மாதம் பச்சைக் கடுகு தின்றேன் என்று.

பயம் அடுத்த வாக்கியத்தில் வந்தது. "பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்குங்க. ஒரு தடவை பாத்துருங்க." எனக்கு இருப்பது ஒரே ஒரு பிள்ளை. ஐப்பசியில், தீபாவளிக்கு அவள் திருப்பூர் ஹாஸ்டலில் இருந்து வந்தபோது, மாப்பிள்ளை வீட்டில் ரத்த குரூப் கேட்கிறார்கள் என்று பொய் சொல்லி, ஈரோட்டுக்குக் கூட்டிப் போனேன். வெறும் வயிற்றோடு வந்தாள். ஊசி என்றால் அவளுக்கு நடுக்கம், என் கையைப் பிடித்துக்கொண்டு தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள், இருபத்தாறு வயதுப் பெண், எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாற்பது பேரை வேலை வாங்குகிறவள். "குரூப் பாக்க இத்தன ரத்தமாப்பா?" என்று கேட்டாள். புது மெஷின், அப்படித்தான் எடுப்பார்கள் என்றேன். சாயந்தரம் என் போனுக்கு வந்தது. முன்னூற்றுப் பதினெட்டு. ஓ பாசிட்டிவ் அம்மிணி என்று அவளிடம் சொன்னேன். அதுதான் நான் சொன்ன ஒரே உண்மை, அதுவும் அவள் பள்ளிக்கூட அட்டையிலேயே இருந்தது. டாக்டரம்மா போனில், பயப்பட வேண்டாம், இந்த வயதிலேயே கண்டுபிடித்தது நல்லது, மாத்திரை ஆரம்பித்தால் மற்றவர்கள் மாதிரி அவளும் எண்பது வயது இருப்பாள், ஆனால் கல்யாணமாகிக் குழந்தை என்று வந்தால் அந்தச் சமயம் மாத்திரையை நிறுத்த வேண்டும், அதனால் முதலிலேயே என்னிடம் கூட்டி வாருங்கள் என்றார். கூட்டி வருகிறேன் என்றேன். மூன்று தடவை போன் செய்தார், மூன்று தடவையும் கூட்டி வருகிறேன் என்றேன். துளசிமணிக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவள் இன்னொரு வேண்டுதல் செய்துவிடுவாள்.

கூட்டிப் போகாததற்கு என்னிடம் ஒரு நியாயம் இருந்தது, நாலு மாதமாக அதைத்தான் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்குகிறேன். ஹாஸ்டல். ஹாஸ்டல் சாப்பாடு எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியாது, பாமாயில், கம்பெனி வாசலில் எக் பப்ஸ், ராத்திரி பரோட்டா, அந்த வயதில் எல்லாரும் தின்பதுதானே. எனக்கு வந்தது இனம், அவளுக்கு வந்தது பரோட்டா. கல்யாணமாகி ஒரு வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டால் தன்னாலே இறங்கிவிடும், சித்திரையில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது, அப்பாவுக்கே நாற்பத்தாறு ஆயிற்று. இப்படிக் கணக்குப் போடுகிற அப்பனை என்ன செய்யலாம். இருபது வருஷம் இருக்கிறது என்று மகளுடைய ஆயுசைப் பிடித்துத் தள்ளிப்போட்டவன். ஆனால் அன்றைக்கு நிச்சயம் முடிந்து, பத்திரிகை அச்சடித்து, மண்டபம் சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளை கௌதம் நல்ல பையன், அவளைப் பார்த்தாலே அவன் முகம் மாறுகிறது. அதை உடைக்க என்னால் முடியவில்லை. கல்யாணம் முடியட்டும், சொல்லலாம் என்றிருந்தேன். முடிந்தது. மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன், மறுநாள் அவள் மஞ்சள் தாலியோடு காப்பி கொண்டுவந்து கொடுத்தாள், எப்படிச் சொல்வது. இப்போது சொன்னால் மறைத்துக் கட்டி வைத்தவன் என்று ஆகும். அப்போது சொல்லாததால் இப்போது சொல்ல முடியாது, இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் முடியாது, செக்கு மாடு மாதிரி இதையே சுற்றுகிறேன், மார்பில் வலிக்கிற மாதிரி இருக்கிறது, வலி இல்லை, எனக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டுதான், ஐப்பசியிலிருந்து மாத்திரை போடுகிறேன், சொசைட்டி அலமாரியில் பால் சாம்பிள் பாட்டில்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். அப்பன் ஒளிந்து மாத்திரை தின்று பிழைத்துக்கொண்டான். மகளுக்கு ஓ பாசிட்டிவ்.

மூளை வருகிறது. கௌதமின் சித்தப்பா ஒரு சின்னத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருகிறார், மிளகு போட்டு வறுத்த ஆட்டு மூளை, பந்தியில் எனக்கு மட்டும். "மொதல்ல சம்பந்திக்குத்தானுங்க" என்று குனிந்து முழுவதையும் என் இலையிலேயே வழித்துவிட்டார். போதும் என்று கை காட்டுவதற்குள் முடிந்துபோயிற்று. உலகத்திலுள்ள கொலஸ்ட்ரால் எல்லாம் அதில்தான் இருக்கிறது என்று அந்தச் சார்ட்டில் முதல் வரியாகப் போட்டிருந்தது, டாக்டரம்மா அறைச் சுவரில், மூளை, ஈரல், குடல், அப்படியே இந்த இலைதான் அது. "ஏனுங் சம்பந்தி, மொகம் ஒரு மாதிரி இருக்குதுங்க" என்றார் அர்த்தநாரி. "ஒண்ணுமில்லீங்க. நா என்ன நெனச்சேன்னா, பேரன் பொறக்கற வரைக்கும் இதையே தொடரலாமான்னு…" காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்த வசனம். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அட போங்க. உங்க பொண்ணுக்காக நீங்க இருந்தது போதும். இனி அது எங்க பொண்ணு, பேரனுக்கு நான் வேண்டிக்கறேன், நீங்க நல்லாச் சாப்புடுங்க." எதிர்ப் பந்தியில் யாரோ ஆமாமுங்க என்றார்கள். மனுஷன் தங்கம். எங்காவது ஓர் ஓரத்தில் கெட்டவராக இருந்திருந்தால்கூட எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். சமையலறை வாசலில் துளசிமணி நிற்கிறாள், கண்ணாலேயே சொல்கிறாள், சாப்பிடுங்க, ஒரு நாள்தானே, ஒன்றும் ஆகாது என்று. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் சொல்வதும் சரி. மாத்திரை போடுகிற எனக்கு ஒரு கரண்டி நெய்யில் எதுவும் ஆகாது. இந்த இலையில் இருப்பது எதுவுமே என்னைக் கொல்லாது.

நெய் வந்துவிட்டது. சம்பூர்ணம் கொண்டுவரவில்லை, சுகன்யா கொண்டுவருகிறாள், பித்தளைக் கிண்ணத்தில், ஓரத்தைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு, சம்பூர்ணம் பின்னால் வருகிறார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அழுதிருக்கிறாள், சிரிக்கிறாள். வேண்டுதல் கதை திருப்பூருக்குப் போன அன்றைக்குப் போன் செய்து இரண்டு நிமிஷம் பேசாமல் மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தாள், அதன் பிறகு, "எதுக்குப்பா இப்படியெல்லாம்" என்றாள், நான் "உனக்காகத்தான் சாமி" என்று சொன்னேன், எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வாக்கியம். சோற்றில் பருப்பு விழுகிறது. அதன்மேல் அவள் நெய்யை விடுகிறாள், தாராளமாக, குழி நிறைந்து சோறு மஞ்சளாகி இலைத் தண்டுப் பக்கம் ஓடுகிறது. "அப்படியே உங்கப்பன்கூட உக்காரு கண்ணு" என்கிறார் சம்பூர்ணம். காலி இலை இவளுக்குத்தானாம். ஆம்பளைகள் பந்தியில் புது மருமகளை உட்கார வைக்கிறார்கள், அவ்வளவு மரியாதை. அவள் என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள், வளையல் என் முழங்கையில் இடித்தது. அவள் இலையிலும் சோறு, பருப்பு. சம்பூர்ணம் கிண்ணத்தை வாங்கி அவளுக்கும் நெய் விட்டுக்கொண்டே பந்திக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார், "இந்தப் புள்ள பண்ணுனது உங்களுக்குத் தெரியாதுங்களே சம்பந்தி. வந்ததுலிருந்து நெய்யை நீட்டுனா வேண்டாங்கறா, கறி வேண்டாங்கறா. நாங்கூட எஞ் சமையல் புடிக்கலையோன்னு நெனச்சுப்போட்டேன். நேத்துக் கேட்டா அழுதுபோட்டா. அப்பா என்னைக்கு வேண்டுதல் ஆரம்பிச்சாரோ அன்னைக்கிருந்து அவளுந்தானாமுங்க. சித்திரையிலிருந்து."

சித்திரையிலிருந்து. யாரோ உச்சுக்கொட்டினார்கள். "ஹாஸ்டல்ல என்னம்மா சாப்பிட்ட?" என்று எதிர்ப் பந்தியிலிருந்து ஒரு குரல். "சுண்டல் வாங்கி வேக வெச்சுக்குவேன் மாமா. சோறு, ரசம். ரசத்துல தாளிப்பு மேல மெதக்கும், அத எடுத்து வெச்சுருவேன்." சொல்லிவிட்டு என் பக்கம் குனிந்து, "உங்ககிட்ட சொன்னாத் திட்டுவீங்கன்னு சொல்லலப்பா" என்றாள். எக் பப்ஸ்? என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, வாய் கேட்டுவிட்டது. "அய்யோ, பத்து மாசம் ஆச்சுப்பா பப்ஸ் தின்னு" என்று சிரித்தாள். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி. ஆறு மாதம். ஆறு மாதம் எண்ணெய் இல்லாமல், நெய் இல்லாமல், தாளிப்பைக்கூட எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட்ட உடம்பு, ஐப்பசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ரத்தம் கொடுத்தது. முன்னூற்றுப் பதினெட்டு. பரோட்டா இல்லை. பாமாயில் இல்லை. நான் நாலு மாதமாகக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கிய ஹாஸ்டல் இல்லவே இல்லை. இறங்குவதற்கு ஒன்றும் பாக்கியில்லை, இறங்க வேண்டியது எல்லாம் இறங்கித்தான் அந்த எண். அப்படியானால் அதற்கு முன்னால் எவ்வளவு இருந்ததோ. அப்பா வரப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது இவளுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறது, அண்ணன் வண்டியோடு சாய்ந்தது இவளுக்கு உள்ளே இருக்கிறது, என்னிலிருந்துதான் போயிற்று, வேறு எங்கிருந்தும் போகவில்லை. பயமாக இருந்தது, இத்தனை நாள் இருந்தது பயமே இல்லை என்று இப்போது தெரிந்தது. என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து செத்துக்கொண்டிருக்கிறாள் என்று இந்தச் சுவருக்கும் அர்த்தநாரியின் முட்டிக்கும் நடுவிலிருந்து கத்த வேண்டும் போல இருந்தது, அது உண்மையும் இல்லை, ஒரு மாத்திரை, தினம் ஒரு மாத்திரை, அதைத்தான் நான் அவளுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

"நீங்க வாயில வெச்சாத்தான் நான் வெப்பேன்" என்றாள் சுகன்யா. கவளத்தை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முப்பத்தைந்து பேரும் காத்திருந்தார்கள். என் கையிலும் கவளம் இருந்தது, எப்போது பிசைந்தேன் என்று தெரியவில்லை, நெய் மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. அதை இலையில் வைத்தேன். "அம்மிணி, அன்னைக்கு ஈரோட்டுல உனக்கு ரத்தம் எடுத்தது குரூப் பாக்க இல்ல" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், பந்தி அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. பிறகு நிறுத்தவில்லை. அவளுடைய எண்ணைச் சொன்னேன், என்னுடையதைச் சொன்னேன், அப்பாவைச் சொன்னேன், அண்ணனுக்கு வண்டி விழுந்து சாவு வரவில்லை என்று சொன்னேன், இது சாப்பாட்டால் வந்தது இல்லை, சாப்பாட்டால் போகவும் போகாது, மாத்திரைக்கு அடங்கும், டாக்டரிடம் நாளைக்கே போக வேண்டும் என்று சொன்னேன், சம்பந்தி என்னை மன்னிக்கணும் என்று சொன்னேன். துளசிமணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அர்த்தநாரி முட்டியை எடுத்துக்கொண்டார். கௌதம் சமையலறையிலிருந்து வந்து, கரண்டியும் கையுமாக, சுகன்யாவுக்குப் பின்னால் நின்றான். அவன் கேட்பான், மறைச்சீங்களா என்று கேட்பான், அதற்குப் பதில் வைத்திருந்தேன். சம்பூர்ணம் கேட்பார், குழந்தைக்கு வருமா என்று, அதற்கும் டாக்டரம்மா சொன்னது மனப்பாடமாக இருந்தது. எத்தனை வருஷம் இருப்பேன் என்று என் மகளே கேட்டால் எண்பது என்று சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தேன். சுகன்யா கையிலிருந்த கவளத்தைக் கீழே வைக்கவில்லை, வாய்க்கும் கொண்டுபோகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த வேண்டுதல் எனக்காக இல்லையாப்பா?" என்றாள்.

இதை யாரும் கேட்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. இல்லை என்று சொன்னேன்.